அவையில் எழுந்த வினா: நடிகை சினேகலதா ரெட்டியின் வாழ்வு

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட ஊர்களில் பங்குனி முதல் வைகாசி வரையிலான திங்கள்களில் இரவுப் பயணம் மேற்கொள்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறியிருக்க மாட்டார்கள். அறுவடை முடிந்த கழனியிலோ கோயில் முன்றிலிலோ ஒரு பந்தல். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒலிக்கப் பாய் விரித்து அமர்ந்திருக்கும் மக்கள். விடியும் வரை தெருக்கூத்து. திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கதை பல இரவுகள் நடைபெறும். அவற்றுள் துகில் இரவில்தான் பெண்கள் கூட்டம் மிகுதி என்பது இவ்வட்டாரத்தார் அறிந்த செய்தி. திரௌபதி வேடம் புனைபவர் ஓர் ஆடவரே. ஆயினும் அவர் அவை நடுவே நின்று வினவும்போது, பார்த்திருக்கும் பெண்கள் அவரை ஆடவராகக் காண்பதில்லை.

அவ்வினா எளியது. தன்னையே முதலில் தோற்றுவிட்ட ஒருவன், அதன்பின் என்னைப் பணயம் வைக்க உரிமை உடையவனா என்பதே அது. வில்லாற்றலும் நூலறிவும் நிறைந்த அவையில் பெரியோர் விடை கூறவில்லை. அறம் நுட்பமானது என்று சொல்லித் தலைகுனிந்தனர். கௌரவருள் இளையவனான விகர்ணன் ஒருவனே எழுந்து அவள் பக்கம் பேசினான்.

நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் பழைய தென்னார்க்காட்டுக் கூத்துகளில் பெண் பாத்திரங்கள் என்னும் பொருளை ஆராய்ந்த காலத்தில் இக்காட்சியைப் பலமுறை கண்டோம். நம் இல்லத்தில் இது குறித்துச் சிறு சலசலப்பும் எழுந்தது. முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மன் கோயில் கூத்தில் என்ன ஆய்வு என்று உறவினர் சிலர் கேட்டனர். அவர்களுக்கு நாம் கூறிய விடை ஒன்றே. செஞ்சிப் பகுதித் திரௌபதியம்மன் கோயில்களின் முன் காவலனாக நிற்பவன் முத்தால ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரன். அவனுக்குத் தடையில்லாத இடத்தில் நமக்கென்ன தடை? அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் செஞ்சியை மையமாகக் கொண்டு 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளில் இந்த ராவுத்தனைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

திரௌபதியைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வந்தபோது, சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியாவின் கட்டுரை ஒன்று கைக்கு வந்தது. இந்தியப் பெண்மைக்கு எடுத்துக்காட்டு சாவித்திரியா திரௌபதியா என்னும் வினாவை எழுப்பி, கணவன் பின்னே சென்ற சாவித்திரியினும் அவையை எதிர்த்து வினவிய திரௌபதியே ஏற்றவள் என அவர் வாதிட்டிருந்தார். நாட்டின் வடகோடியில் பிறந்த ஒருவர், நம் தென்னார்க்காட்டு உழவர் குடியினர் பல தலைமுறைகளாகச் செய்துவந்த தேர்வையே செய்திருப்பது நமக்கு வியப்பளித்தது. லோகியாவின் வழிநின்றவர்கள் யாவர் எனத் தேடியபோதுதான் ஒரு நடிகையின் பெயரைக் கண்டோம். அவரே சினேகலதா ரெட்டி.

வகுப்பில் இப்பெயரைக் கூறிக் கேட்டால் மாணவர் எவரும் கை உயர்த்துவதில்லை. சென்னை மேடையில் வளர்ந்து, சென்னையின் தணிக்கையாளர்களைத் திணறவைத்து, அவசரநிலைக் காலச் சிறையில் உடல் நலிந்து மறைந்த ஒருவரை நம் மாணவர் அறியாதிருப்பது அவர்கள் குற்றம் அன்று. நாம் சொல்லவில்லை.

சினேகலதா 1932ஆம் ஆண்டு ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு தலைமுறைகளுக்கு முன் கிறித்தவம் தழுவிய குடும்பம் அது. நாடு அன்னியர் ஆட்சியில் இருந்த காலம். இளமையிலேயே அவ்வாட்சியை வெறுத்த அவர், தமக்கு இடப்பட்டிருந்த ஆங்கிலப் பெயரை விடுத்து இந்தியப் பெயரை மேற்கொண்டார்; இந்திய உடையன்றி வேறு உடுத்துவதில்லை என்றும் முடிவு செய்தார். பிறர் இட்ட பெயரை ஏற்காமல் தம் பெயரைத் தாமே தேர்ந்துகொண்ட பெண் என்பதே அவரைப் பற்றி நாம் முதலில் அறிய வேண்டிய செய்தி.

சென்னை மாநகரில் 1950களில் தோன்றிய 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' என்னும் ஆங்கில நாடகக் குழுவை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். தொழில்முறைக் குழு அன்று, ஆர்வலர் குழு. எனினும் இப்சனின் 'பியர் கிந்த்', பிரெக்டின் 'காக்கேசிய வெண்கட்டி வட்டம்' போன்ற உலக நாடகங்களை மேடையேற்றிப் பெயர் பெற்றது. பிரெக்ட் இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி 1933இல் செருமனியை விட்டு வெளியேறியவர். கலகம் மூண்ட நாட்டில் ஆளுநரின் மனைவி கைவிட்டு ஓடிய குழந்தையை ஓர் ஏவற்பெண் காப்பாற்றி வளர்ப்பதே அந்நாடகத்தின் கதை. பெற்றவளுக்கா வளர்த்தவளுக்கா குழந்தை என்னும் வழக்கில் தீர்ப்பு ஏவற்பெண்ணுக்குக் கிடைக்கும். இத்தகைய நாடகங்களோடு வாழ்ந்தவருக்குச் சட்டமும் நீதியும் எப்போதும் ஒன்றல்ல என்பது புதுச்செய்தியாக இருந்திராது.

தமிழ் மேடையில் நடிகையின் நிலையையும் இங்கு ஒரு சொல் கூற வேண்டும். பெண் வேடத்தை ஆடவரே புனைந்த காலம் நீண்டது. கும்பகோணம் பாலாமணி அம்மையார் பெண்களை மட்டுமே கொண்டு குழு நடத்தியபோது, அவரது நாடகத்தைக் காண மக்கள் புகைவண்டி ஏறிச் சென்றனர். ஆயினும் ஊரார் வாய் அவரை இகழவும் தவறவில்லை. தமிழின் முதல் பேசும்பட நாயகியான டி. பி. இராசலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' படத்தைத் தாமே இயக்கினார். கே. பி. சுந்தராம்பாள் விடுதலை இயக்கப் பாடல்களை ஊர்தோறும் பாடி, 1958இல் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். இவர்கள் திறந்த வாயிலில்தான் பின்வந்தோர் நுழைந்தனர். ஆங்கில நாடகமாடிய உயர்குடிப் பெண்களுக்கு இந்த இகழ்ச்சியில் பாதிகூட நேரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சினேகலதா வசதியான சூழலில் வாழ்ந்தவர். அவ்வசதிக்குள் தங்கிவிடாமல் வெளியேறினார் என்பதே அவரைப் பேசத் தூண்டுகிறது.

அவர் கணவர் பட்டாபிராம ரெட்டி 1919இல் நெல்லூரில் பிறந்தவர். தெலுங்குப் புதுக்கவிதையில் துணிவான சோதனைகள் செய்த கவிஞர். 'பெள்ளிநாடி பிரமாணாலு' முதலிய தெலுங்குப் படங்களைத் தயாரித்தவர். கணவனும் மனைவியும் லோகியாவின் கொள்கையில் ஈடுபாடு கொண்டனர். சாதி ஒழிப்பு, ஆண் பெண் சமன்மை, தாய்மொழிக்கு உரிய இடம் ஆகியவற்றை ஒரே போராட்டமாகக் கண்டவர் லோகியா. 1967இல் அவர் மறைந்த பின்னும் பெங்களூரில் இவர்கள் இல்லம் எழுத்தாளரும் சோசலிஸ்டுகளும் கூடும் இடமாக விளங்கியது.

இக்கூட்டத்தில் பிறந்ததே 'சம்ஸ்காரா' என்னும் கன்னடத் திரைப்படம். யு. ஆர். அனந்தமூர்த்தி 1965இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது அது. இயக்கியவர் பட்டாபிராம ரெட்டி. அப்போது சென்னையில் பதிப்பக அலுவலராகப் பணியாற்றி, மெட்ராஸ் பிளேயர்ஸ் மேடையில் நடித்துவந்த கிரீஷ் கர்னாட் நாயகனாக நடித்துத் திரைக்கதையும் எழுதினார். எழுத்தாளர் பி. லங்கேஷ் நாரணப்பாவாக நடித்தார். கலை இயக்கம், சோழமண்டலம் ஓவியர் எஸ். ஜி. வாசுதேவ். கன்னடப் படமெனினும் அதன் வேரில் பாதி சென்னை மண்ணில் இருந்தது.

கதையை மாணவர் பொருட்டுச் சுருக்கிக் கூறுவோம். துர்வாசபுரம் என்னும் அக்கிரகாரத்தில் நாரணப்பா என்பவன் குலநெறிகளையெல்லாம் மீறி வாழ்ந்து காய்ச்சலில் இறக்கிறான். அவனைச் சாதியிலிருந்து விலக்கியிருக்கவில்லை. ஆகவே பிணத்தை எரிக்காமல் ஊரார் உண்ணலாகாது. ஆனால், எரிக்கும் கடனை ஏற்கவும் எவரும் முன்வரவில்லை. காசியில் கற்ற பேரறிஞரான பிராணேசாச்சாரியர் ஏடுகளைப் புரட்டுகிறார், விடை கிட்டவில்லை. பிணம் அழுகத் தொடங்குகிறது. எலிகள் செத்து விழுகின்றன. கழுகுகள் கூரைமேல் வந்தமர்கின்றன. நாரணப்பாவுடன் வாழ்ந்த சந்திரி என்னும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் தன் நகைகளைக் கழற்றி, அவனை எரிக்கும் செலவுக்கென அவையின் முன் வைக்கிறாள். கற்றோர் பார்வை பிணத்தை விட்டு நகைமேல் திரும்புகிறது.

சந்திரியாக நடித்தவர் சினேகலதா. அதிகம் பேசாத பாத்திரம் அது. அவள் கேட்பது ஒன்றே: இறந்தவனுக்குரிய மரியாதை. அதற்கும் அவையில் விடையில்லை. நாவலில், இரவில் தனியே எழுந்து செல்லும் சந்திரி முஸ்லிம்கள் வாழும் பகுதிக்குப் போய் அகமது பாரி என்னும் மீன் வணிகரிடம் உதவி கேட்கிறாள். முன்னொரு இடரில் நாரணப்பாவிடம் பண உதவி பெற்றிருந்தவர் அவர். மாட்டுவண்டி பூட்டி வந்து, எவர் கண்ணிலும் படாமல் பிணத்தை எரித்து உதவுகிறார். ஏடுகளெல்லாம் அடங்கிய ஓர் ஊரில் செய்யவேண்டிய கடமையைச் செய்து முடித்தவர்கள் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணும் ஒரு மீன் வணிகரும்தாம். இந்நாவலைப் பற்றி நூற்றுக்கணக்கான திறனாய்வுகள் ஆச்சாரியரின் மனப்போராட்டத்தைப் பேசியுள்ளன. அகமது பாரியைப் பற்றிப் பேசியவை மிகக் குறைவு. அது குறித்து நமக்குச் சிறு வருத்தம் உண்டு.

படத்தைப் பார்த்த சென்னைத் தணிக்கைக் குழு அதற்கு அனுமதி மறுத்தது. சாதிப் பூசல் விளையும் என்பது அச்சம். பின்னர் நடுவண் அரசு தலையிட்டுத் தடை நீங்கியது. தடை செய்யப்பட்ட அதே படம் 1970ஆம் ஆண்டின் சிறந்த இந்தியத் திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. கன்னடப் படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. 1972இல் லொக்கார்னோ திரைப்பட விழாவிலும் பரிசு கிடைத்தது. கன்னடத்தின் புதிய அலைப் படங்கள் இதனைத் தொடர்ந்தே வந்தன. சினேகலதா ஒரு சில படங்களிலேயே நடித்தார். ஆயினும் ஒரு மொழியின் திரைக்கலை திசை திரும்பிய இடத்தில் அவர் நிற்கிறார்.

1975ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டு மகளிர் ஆண்டாக அறிவித்திருந்தது. மெக்சிகோ நகரில் முதல் உலக மகளிர் மாநாடு சூன் 19ஆம் நாள் தொடங்கியது. அம்மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, சூன் 25ஆம் நாள் இரவு, இந்தியாவில் உள்நாட்டு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அறிவிக்கச் செய்த பிரதமரும் ஒரு பெண். இதனைக் காட்டிப் பெண்ணாட்சி இப்படித்தான் என்று பேசுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். ஆட்சிப் பீடத்தில் பெண் ஒருவர் அமர்வதும் பெண்கள் உரிமை பெறுவதும் வேறு வேறு என்பதன்றி அதில் வேறொன்றும் இல்லை. விசயராசே சிந்தியா, காயத்திரி தேவி, மிருணாள் கோரே எனச் சிறை புகுந்த பெண்களின் வரிசை நீண்டது.

சர்வாதிகாரம் என்னும் சொல் அக்காலத்துக்குப் பொருந்துமா எனத் தயங்கும் ஆசிரிய நண்பர்களும் உண்டு. நாடாளுமன்றம் கூடியது, நீதிமன்றம் இயங்கியது என்பர். உண்மைதான். ஆனால், தணிக்கையின்றி நாளிதழ் அச்சாகவில்லை; மிசா எனப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டவருக்குக் காரணம் கூற வேண்டியதில்லை எனத் திருத்தம் வந்தது. பின்னர் அமைந்த ஷா ஆணையத்தின் கணக்குப்படி மிசாவில் மட்டும் 34,988 பேர் அடைக்கப்பட்டனர். அரசு கேட்ட நிகழ்ச்சிக்குப் பாட மறுத்த கிசோர் குமாரின் பாடல்களை வானொலி ஒலிபரப்பாமல் நிறுத்தியது. டெல்லியில் துருக்மான் வாயிலருகே 1976 ஏப்ரலில் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்த முஸ்லிம் மக்கள்மீது துப்பாக்கி நீண்டது. 1976 நவம்பரில் அரியானாவின் உத்தாவர் என்னும் முஸ்லிம் சிற்றூரைக் காவல்துறை வளைத்து ஆடவரைக் கருத்தடைக்கு இழுத்துச் சென்றது. 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. உடலின்மீதான உரிமையே பறிபோன காலத்தை வேறெந்தச் சொல்லால் அழைப்பது?

தமிழகம் 1976 சனவரி 31 வரை ஓரளவு மூச்சுவிட்டது. அன்று மாநில அரசு கலைக்கப்பட்டது. சென்னை நடுவண் சிறையில் அடைக்கப்பட்டுத் தாக்குண்டவர்களுள் முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 சனவரியில் உயிர் நீத்தார். அக்கதையை நம் மாணவர் ஓரளவு அறிவர். அதே திங்களில் பெங்களூரில் நிகழ்ந்ததை அறியார்.

சினேகலதாவின் நண்பர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், 1974இன் மாபெரும் இரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கத் தலைவர். அவசரநிலை வந்ததும் தலைமறைவானார். அரசு அமைப்புகளையும் இருப்புப்பாதைகளையும் வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்ததாக அவர்மீதும் அவரைச் சார்ந்தோர்மீதும் சாட்டப்பட்டதே பரோடா வெடிமருந்து வழக்கு. அவரைத் தேடிய காவல்துறை சுற்றத்தாரையும் நண்பர்களையும் வளைத்தது. 1976 மே முதல் நாள் அவர் தம்பி லாரன்ஸ் பிடிக்கப்பட்டுக் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டார். மறுநாள், மே 2ஆம் நாள், சினேகலதா கைது செய்யப்பட்டார்.

இத்தேதிக்கு நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 28ஆம் நாள், உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. அவசரநிலையின்போது மிசாவில் அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு வழியாக நீதிமன்றத்தை நாட உரிமையில்லை என ஐவருள் நால்வர் கூறினர். உயிரும் உரிமையும் அரசியலமைப்பு அளித்த கொடை மட்டுமல்ல, சட்டத்தின்வழியன்றி அவற்றைப் பறிக்க எவருக்கும் அதிகாரமில்லை என்ற கருத்தில் எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். தென்னார்க்காட்டுக் கூத்து மேடையை அறிந்த எவருக்கும் அந்த அவையில் விகர்ணன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பணியில் மூத்தவராக இருந்தும் கன்னாவுக்குத் தலைமை நீதிபதிப் பதவி 1977 சனவரியில் மறுக்கப்பட்டது. அவர் பதவி விலகினார். சினேகலதா சிறை புகுந்த நாளில், என்னை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்க அவருக்கு ஓர் அவை இருக்கவில்லை.

முதலில் சதிக் குற்றம் சாட்டப்பட்டது. அதனை மெய்ப்பிக்க இயலாத நிலையில் மிசாவின்கீழ்ச் சிறைக் காவல் தொடர்ந்தது. இறுதியாக நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட குற்றப் பத்திரிகையில் பெர்னாண்டசும் மற்றும் 24 பேரும் இடம்பெற்றனர். சினேகலதாவின் பெயர் இல்லை. ஆயினும் அவர் வெளியே வரவில்லை.

பெங்களூர் நடுவண் சிறையில் அவர் தனியறையில் வைக்கப்பட்டார். கழிப்பிடம் என்று தரையில் ஒரு துளை. காற்றும் ஒளியும் அரிது. அவரோ நெடுநாள் ஈளை நோயாளி. மூச்சுத் திணறல் அடிக்கடி வந்தது. முறையான மருத்துவம் கிட்டவில்லை. அதே சிறையில் வேறு பகுதியில் இருந்த தலைவர் மது தண்டவதே, இரவின் அமைதியில் சினேகலதாவின் அலறல் தம் அறை வரை கேட்டதைப் பிற்காலத்தில் தம் நினைவுகளில் பதிந்துள்ளார்.

அவர் சிறையில் ஒரு நாட்குறிப்பு எழுதினார். 1977இல் கர்நாடக மனித உரிமைக் குழு அதனை நூலாக வெளியிட்டது. தம் நோயைவிட மிகுதியாகப் பிற பெண்களைப் பற்றி அதில் அவர் எழுதியிருப்பதே படிப்போரை நிறுத்துகிறது. சிறைக்குள் வரும் ஒவ்வொரு பெண்ணையும் எல்லார் முன்னும் ஆடை களைந்து சோதிக்கும் வழக்கம் அவரை உலுக்கியது. தண்டனை என்று நீதிமன்றம் விதித்தது சிறைவாசத்தை மட்டுமே. மானத்தைப் பறிக்கும் உரிமையைச் சிறைக்கு யார் தந்தார் என்பது அவர் வினா. துகில் இரவின் வினாவுக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு என்பதைப் படிப்போர் உய்த்துணரலாம்.

அவ்வறையில் இருந்துகொண்டே அவர் செய்த பணிகள் சில. கைதிப் பெண்களை அடிக்கும் கொடுமையை எதிர்த்து நிறுத்தச் செய்தார். மூன்றாம் வகுப்புக் கைதிகளுக்கு வழங்கப்பட்ட உணவு இழிவாக இருந்தது கண்டு உண்ணாநோன்புப் போராட்டத்திற்குத் துணைநின்று அதனைச் சீர்ப்படுத்தினார். அப்பெண்களுக்குப் பாட்டும் விளையாட்டும் சிறு நாடகங்களும் கற்பித்தார். இப்சனையும் பிரெக்டையும் அறிந்த நடிகைக்கு இறுதியாகக் கிடைத்த மேடை அது. பார்வையாளரும் நடிகரும் அங்கே ஒருவரே. திருட்டுக்கும் பிச்சைக்கும் வறுமைக்கும் சிறை வந்த அப்பெண்களுக்கு நாட்குறிப்பு எழுதும் வாய்ப்பு இல்லை. அவர்களைப் பற்றி நாம் இன்று அறிவது சினேகலதாவின் பக்கங்கள் வழியாகவே. அவர் விட்டுச்சென்ற கலைச்செல்வத்துள் இப்பக்கங்களைச் 'சம்ஸ்காரா'வுக்கு நிகராகவே நாம் வைக்கிறோம். கலை வரலாற்று ஆசிரியர்கள் சிலர் இதற்கு உடன்படார்.

நோய் முற்றியது. இனிச் சிறையில் வைத்திருப்பது தீது என்ற நிலையில் 1977 சனவரி 15ஆம் நாள் நிபந்தனையின்பேரில் வெளியே விடப்பட்டார். சனவரி 18ஆம் நாள் பிரதமர் பொதுத்தேர்தலை அறிவித்தார். தலைவர்கள் விடுதலையாகத் தொடங்கினர். சனவரி 20ஆம் நாள் சினேகலதா மறைந்தார். அகவை 44. அவசரநிலை மார்ச்சு 21ஆம் நாள் நீங்கியது. சிறையில் இருந்தபடியே தேர்தலில் நின்ற பெர்னாண்டஸ் வென்று நடுவண் அமைச்சரானார். பரோடா வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

சினேகலதா தலைமறைவு இயக்கத்துக்கு உதவினாரா, இல்லையா என்று சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. பெர்னாண்டசின் நண்பராக இருந்ததையும் அவசரநிலையை எதிர்த்ததையும் அவர் மறைத்தவரல்லர். வெடிமருந்தின் வழி சரியான வழியா என்பதில் நமக்கும் ஐயமுண்டு. ஆனால், குற்றம் செய்திருந்தால் குற்றப் பத்திரிகையில் பெயர் இருந்திருக்க வேண்டும். விசாரணை நடந்திருக்க வேண்டும். எட்டுத் திங்களுக்கு மேல் அடைத்து வைத்த அரசு, அவ்விரண்டில் ஒன்றையும் செய்யவில்லை.

இதே காலத்தில் உலகின் வேறொரு மூலையில் ஒரு நடிகையின் கதை வேறு விதமாக முடிந்தது. கிரேக்க நாட்டில் 1967 ஏப்ரல் 21ஆம் நாள் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். அப்போது அமெரிக்காவில் நடித்துக்கொண்டிருந்த மெலினா மெர்குரி அவர்களைக் கண்டித்தார். அவரது குடியுரிமை பறிக்கப்பட்டது; உடைமைகள் கைப்பற்றப்பட்டன. ஏழாண்டுகள் நாடு நாடாகச் சென்று பேசினார். 1974இல் அவ்வாட்சி வீழ்ந்ததும் நாடு திரும்பி, 1981இல் பண்பாட்டுத் துறை அமைச்சரானார். ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்னும் திட்டம் அவர் முயற்சியால் 1985இல் ஏதென்சில் தொடங்கிற்று. 1994இல் அவர் மறைந்தபோது நாடே துயருற்றது. மெலினாவுக்கு நாடு கடந்து பேச மேடை இருந்தது. சினேகலதாவுக்கு இருந்தது ஓர் அறை; மூச்சுவிடத் துன்பப்படும் நெஞ்சு.

அவர் மறைவுக்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். பி. லங்கேஷின் நாடகத்தைத் தழுவிப் பட்டாபிராம ரெட்டி இயக்கி, சினேகலதா நடித்த 'சண்ட மாருதா' 1977இல் வெளிவந்தது. 1978இல் வந்த 44ஆம் அரசியலமைப்புத் திருத்தம், எந்த அவசரநிலையிலும் உயிருக்கும் உடலுரிமைக்கும் உள்ள பாதுகாப்பை நிறுத்திவைக்க இயலாது என்றாக்கியது. ஏப்ரல் 28ஆம் நாள் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் வெளிப்படையாக நீக்கியது. அதற்கு 41 ஆண்டுகள் ஆயின. அவரை அடைத்திருந்த பெங்களூர்ச் சிறை 2008இல் விடுதலைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அந்நகரில் ஆர்ப்பாட்டம் செய்ய விரும்புவோர் இன்று அங்கேதான் கூடுகின்றனர்.

இவற்றையெல்லாம் இம்மலரில் எழுத ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் துறை மாணவியர் இலக்கிய மன்றத்தில் நாடகம் ஒன்று நடிக்க விரும்பினர். சந்திரியின் கதையை ஒரு காட்சியாக எழுதியும் வைத்திருந்தனர். சமுதாயப் பெரியவர்கள் சிலர் தயங்கினர். பெண்பிள்ளைகள் மேடையில் வேடம் புனைவது முறையா என்று அன்போடுதான் கேட்டனர். அவர்கள் நம் தந்தையர் போன்றோர். அவர்கள் அக்கறையை நாம் ஐயுறவில்லை. நம் வீட்டிலும் இதே கேள்வி எழுந்ததை மேலே கூறினோம். மேடையேறும் பெண்ணுக்கு ஊர் இழைக்கும் இகழ்ச்சியை அவர்கள் கண்டிருக்கிறார்கள். நாம் அவர்களிடம் வைத்த விண்ணப்பம் இது: அந்த இகழ்ச்சி மேடையிலிருந்து பிறப்பதன்று, எதிரே அமர்ந்திருப்போரிடமிருந்து பிறப்பது. ஆதலின் திருத்த வேண்டிய இடமும் அதுவே. முழுதும் உடன்பட்டார்கள் என்று சொல்ல இயலாது. வேடமும் ஒப்பனையும் இன்றி, நாற்காலியில் அமர்ந்து நாடக வாசிப்பாக நடத்திக்கொள்ள இசைந்தனர். இவ்வாண்டு நடிக்க இசைவார்களா என்பதை அவர்கள் இம்மலரைப் படித்தபின் கேட்க எண்ணியுள்ளோம்.

வாசிப்பு ஒரு பிற்பகலில் நடந்தது. பெரியவர்களுள் மூவர் வந்து முன்வரிசையில் அமர்ந்தனர். சந்திரியின் பகுதியை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் வாசித்தார். நகைகளைக் கழற்றி வைக்கும் இடத்தில் அவர் தாளைக் கீழே வைத்துவிட்டுத் தம் கைவளை இரண்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது எழுதப்பட்டிருந்த குறிப்பு அன்று. அரங்கில் எவரும் பேசவில்லை. அகமது பாரியின் பகுதிக்கு முன்னரே பெயர் கொடுத்திருந்த மாணவர் அன்று திண்டிவனத்திலிருந்து வரும் பேருந்தைத் தவறவிட்டார். எனவே மாட்டுவண்டி பூட்டி வந்து அவளுக்கு உதவும் அப்பகுதியை நாமே வாசிக்க நேர்ந்தது.